ஷோரூம் காரா, சைனா காரா? அமீரகத்தில் மின்சாரக் கார் வாங்க நினைப்பவர்களுக்கு

துபாயிலோ ஷார்ஜாவிலோ மின்சாரக் கார் வாங்கலாம் என்று நண்பர்களிடம் பேச்செடுத்தால் உடனே வரும் கேள்வி: "ஜிசிசி வண்டியா, இம்போர்ட் வண்டியா?" ஜிசிசி என்றால் வளைகுடா நாடுகளுக்கென்று செய்தது, இம்போர்ட் என்றால் வேறு நாட்டுக்குச் செய்ததை இங்கே கொண்டுவந்தது. பெட்ரோல் கார் காலத்திலேயே இந்தக் கேள்வி உண்டு. ஆனால் அப்போது இரண்டுக்கும் இடையில் பெரிதாக வித்தியாசம் தெரியாது. இம்போர்ட்டில் ரேடியேட்டரும் ஏசி கம்ப்ரஸரும் கொஞ்சம் சிறிசாக இருக்கும், அவ்வளவுதான். எந்த கராஜில் விட்டாலும் பார்த்துவிடுவார்கள். மின்சாரக் காரில் கதை வேறு. பேட்டரி உத்தரவாதம், மென்பொருள், சார்ஜிங் வாய் மூன்றுமே எந்த நாட்டுக்காகச் செய்தார்களோ அந்த நாட்டையே சார்ந்தவை.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். 'சைனா வண்டி' என்று நம் ஆட்கள் சொல்வது சீனாவில் தயாரான எல்லா காரையும் அல்ல. ஏஜென்சி (நிறுவனத்தின் அதிகாரபூர்வ விற்பனையாளர்) ஷோரூமில் நிற்கும் பிஒய்டி நிறுவனக் காரும் சீனாவில் செய்ததுதான். சேஸிஸ் நம்பர் இரண்டிலுமே 'எல்' எழுத்தில்தான் தொடங்கும், அதை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது. ஏஜென்சி வண்டி வளைகுடா நாடுகளுக்கென்று செய்து, தயாரிப்பாளரின் உத்தரவாதத்தோடு வருவது. மற்றது சீனாவின் உள்நாட்டுச் சந்தைக்குச் செய்ததை ஒரு வியாபாரி வாங்கி, கப்பலில் ஏற்றி, ஜெபல் அலி துறைமுகத்தில் இறக்கி விற்பது. கடத்தல் ஒன்றும் இல்லை. சுங்கம் கட்டி, சான்றிதழ் வாங்கி, பாஸிங் (வாகனச் சோதனை) முடித்தால் முல்கியா (பதிவு அட்டை) கிடைக்கும். தயாரிப்பாளருக்கு மட்டும் அந்த விற்பனையில் பங்கு கிடையாது, பொறுப்பும் கிடையாது.

அப்படியானால் புத்தம்புதிய கார் எப்படி இவ்வளவு மலிவாக வருகிறது? சீனாவில் 2023 முதல் கார் நிறுவனங்களுக்குள் கடும் விலைப்போர். டீலர்களுக்கு விற்பனை இலக்கு தொங்குகிறது. கையில் இருக்கும் காரைத் தங்கள் பேரிலோ தெரிந்த கம்பெனி பேரிலோ பதிவு செய்துவிட்டால் கணக்கில் அது விற்றாகிவிட்டது. பிறகு அதையே 'பழைய கார்' என்று ஏற்றுமதி செய்துவிடலாம். மீட்டர் ஏறக்குறைய பூஜ்யத்தில் நிற்கும், காகிதத்தில் மட்டும் பழையது. பழைய கார் ஏற்றுமதியை 2019இல் சீனா சோதனை முறையில் அனுமதித்ததிலிருந்து இந்த வழி திறந்தது. அது கை மீறிப் போனதும் அரசே கடிவாளம் போட்டது. 2026 ஜனவரி 1 முதல் பேட்டரியில் மட்டும் ஓடும் பயணிகள் கார்களுக்கு ஏற்றுமதி உரிமம் வேண்டும். பதிவாகி 180 நாள் ஆகாத காரைப் பழையது என்று அனுப்ப, தயாரிப்பாளரிடமிருந்து விற்பனைக்குப் பிந்தைய சேவைக்கான உறுதிச் சான்று வேண்டும். எனவே இம்போர்ட் வியாபாரிகள் வண்டிகளை நிறுத்தி விற்கும் யார்டில் இப்போது நிற்கும் 'ஜீரோ கிலோமீட்டர்' வண்டி எப்போது சீனாவை விட்டுக் கிளம்பியது என்று கேளுங்கள். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும், 2324 என்றால் 2024ஆம் வருடத்தின் 23ஆவது வாரம். வியாபாரி என்ன சொன்னாலும் டயர் பொய் சொல்லாது. வெயிலில் ஒரு வருடம் சும்மா நின்ற காரில் முதலில் போவது பெரிய பேட்டரி அல்ல, 12 வோல்ட் சின்ன பேட்டரிதான். அது செத்தால் கதவே திறக்காத மாடல்கள் உண்டு.

இம்போர்ட் வண்டிகளை நான் இரண்டு வகையாகப் பிரிப்பேன். இந்த ஊர் ஏஜென்சியில் இரட்டைப் பிறவி உள்ளவை ஒன்று, இங்கே சொந்தபந்தமே இல்லாத அநாதைகள் இன்னொன்று. பிஒய்டி சீனாவில் யுவான் பிளஸ் என்று விற்பது வெளிநாட்டில் ஆட்டோ 3. பேட்டரி, மோட்டார், உடல் எல்லாம் ஏறக்குறைய ஒன்றே. பம்பர் இடித்துக்கொண்டால், கண்ணாடி உடைந்தால், சஸ்பென்ஷன் புஷ் தேய்ந்தால் இந்த ஊரிலேயே பாகம் தேடிப் பிடிக்கலாம். இதற்கு நேர் எதிர் ஃபோக்ஸ்வேகன் ஐடி.6. மூன்று வரிசை இருக்கை, பெரிய குடும்பத்துக்கு வசதியான வண்டி, 2021இல் சீனச் சந்தைக்கு மட்டுமே வந்த மாடல். அமீரகச் சாலைகளில் நிறையவே ஓடுகிறது, ஆனால் ஐரோப்பாவில்கூட அதிகாரபூர்வமாக விற்றதில்லை. பானெட்டில் ஜெர்மன் சின்னம் இருக்கிறதே என்று நம்பி ஏஜென்சிக்குப் போனால் கதை நடக்காது. அந்தச் சின்னத்தின் மேல் நம்பிக்கை வைத்து வாங்கியவர்கள் எத்தனை பேர் என்று நினைத்தால் கொஞ்சம் வருத்தமாகத்தான் இருக்கிறது. அநாதை மாடலில் ஹெட்லைட் ஒன்று உடைந்தால், வாட்ஸ்அப்பில் குவாங்சோ கடைக்காரருக்குப் படம் அனுப்பி, பார்சல் வரும்வரை வண்டியை நிறுத்திவைக்க வேண்டியதுதான்.

இனி சார்ஜிங். இங்கேதான் பலர் வாங்கிய பிறகு விழிக்கிறார்கள். அமீரகத்தில் மெதுவான சார்ஜிங்குக்கு டைப் 2, வேகமான சார்ஜிங்குக்கு சிசிஎஸ் 2 என்ற ஐரோப்பிய முறைதான் பரவலாக இருக்கிறது. சீன வண்டியில் அந்த நாட்டு முறையான ஜிபி/டி. மூடியைத் திறந்தால் வித்தியாசம் உடனே தெரியும். சிசிஎஸ் 2வில் வட்டமான டைப் 2வுக்குக் கீழேயே இரண்டு தடித்த பின் சேர்ந்து ஒரே வாயாக இருக்கும். சீன வண்டியில் ஏசிக்கு (மெதுவான சார்ஜிங்குக்கான மாறு மின்னோட்டம்) ஒரு வட்டம், டிசிக்கு (வேகமான சார்ஜிங்குக்கான நேர் மின்னோட்டம்) வேறொரு வட்டம், இரண்டு தனித்தனி வாய்கள்.

வீட்டில் ஏசி சார்ஜ் செய்வதென்றால் பிரச்சினையே இல்லை. அதற்கான அடாப்டர் சாதாரணமானது, சைனா பிளக் உள்ள சுவர் சார்ஜரும் கிடைக்கும். சிக்கல் டிசியில். ஜிபி/டியில் காரும் சார்ஜரும் கேன் என்ற கம்பி முறையில் பேசிக்கொள்ளும், சிசிஎஸ்ஸில் வேறு முறை. அடாப்டரின் வேலை வாயின் வடிவத்தை மாற்றுவதோடு முடியவில்லை, நடுவில் நின்று இரண்டு பக்கப் பேச்சையும் மாற்றிச் சொல்ல வேண்டும். அதனால் அந்த அடாப்டருக்குள்ளேயே ஒரு குட்டி கம்ப்யூட்டரும் அதை ஓட்ட ஒரு சின்ன பேட்டரியும் இருக்கும். அந்த பேட்டரி தீர்ந்துபோனால் 60 யூனிட் பேட்டரி உள்ள காரை சார்ஜ் செய்வதற்கு முன் அடாப்டரை போன் சார்ஜரில் மாட்டிக் காத்திருக்க வேண்டும். ஒரு கம்பெனி சார்ஜரில் வேலை செய்யும், அடுத்த கம்பெனி சார்ஜரில் 'கம்யூனிகேஷன் எரர்' வரும். பென் டிரைவில் புது மென்பொருளை ஏற்றினால் சரியாகலாம். சில வியாபாரிகள் வாயையே சிசிஎஸ் 2வாக மாற்றித் தருகிறார்கள். யார் செய்த வேலை, உயர் மின்னழுத்தக் கம்பியை எங்கே வெட்டி எப்படி ஒட்டினார்கள் என்று தெரியாமல் அதைத் தொடவே எனக்கு மனம் வராது.

"ஊருக்குள்தானே ஓட்டப் போகிறேன், வீட்டிலேயே சார்ஜ் செய்துகொள்வேன்" என்பவர்களுக்கு மேலே சொன்னது எதுவும் தடையில்லை. வீடு என்றால் எப்படிப்பட்ட வீடு என்பதுதான் கேள்வி. நம்மில் பெரும்பாலோர் அல் நஹ்தாவிலும் கராமாவிலும் முஹைஸ்னாவிலும் வாடகை ஃபிளாட்டில் இருப்பவர்கள். பேஸ்மெண்ட் பார்க்கிங்கில் சார்ஜர் வைக்க கட்டட நிர்வாகம் சம்மதிக்க வேண்டும், பலர் சம்மதிப்பதில்லை. அப்போது பொது சார்ஜர்தான் கதி.

கணக்கைப் போட்டுப் பாருங்கள். மத்திய அமைச்சரவை 2024இல் நிர்ணயித்த குறைந்தபட்சக் கட்டணப்படி பொது டிசி சார்ஜிங் யூனிட்டுக்கு 1.20 திர்ஹம், ஏசி 0.70 திர்ஹம், அதற்கு மேல் 5 சதவீத வாட் (மதிப்புக் கூட்டு வரி). குளிர்சாதனம் போட்டு ஓட்டினால் 100 கிலோமீட்டருக்கு 17 யூனிட் ஆகும் என்று வைத்துக்கொள்வோம். டிசியில் ஏற்றினால் 21 திர்ஹத்துக்கு மேல். பொது ஏசியில் பன்னிரண்டரை. நூறுக்கு 7 லிட்டர் குடிக்கும் பெட்ரோல் காருக்கு, லிட்டர் 2.60 என்றால், 18 திர்ஹம். இந்த விலைகளில் டிசியை மட்டும் நம்பி மின்சாரக் கார் ஓட்டினால் பெட்ரோலைவிட அதிகம் செலவாகும்! துபாயில் வீட்டு மின்கட்டணம் தீவாவில் (துபாய் மின்சார, நீர் வாரியம்) 23 ஃபில்ஸில் (100 ஃபில்ஸ் ஒரு திர்ஹம்) தொடங்கி படிப்படியாக 38 ஃபில்ஸ் வரை போகும், கூடவே எரிபொருள் கூடுதல் கட்டணமும் வாட்டும். யூனிட் 35 ஃபில்ஸ் என்று வைத்தாலும் 100 கிலோமீட்டருக்கு 6 திர்ஹம்தான். வருடம் 20,000 கிலோமீட்டர் ஓட்டுபவருக்கு வீட்டு சார்ஜிங்கில் பெட்ரோலைவிட சுமார் 2,400 திர்ஹம் மிச்சம், டிசியில் சுமார் 600 திர்ஹம் நஷ்டம். எனவே வீட்டில் சார்ஜர் இல்லாதவர் ஷோரூமா சைனாவா என்று மண்டையை உடைத்துக்கொள்வதற்கு முன், மின்சாரக் கார் வேண்டுமா என்பதையே இன்னொரு தடவை யோசிப்பது நல்லது.

ரேஞ்ச் பற்றி ஒரு வார்த்தை. யார்டில் நிற்கும் யுவான் பிளஸ்ஸின் தாளில் 510 கிலோமீட்டர் என்று இருக்கும். ஷோரூம் ஆட்டோ 3யின் ஐரோப்பியக் கணக்கில் 420. இரண்டிலும் அதே 60.48 யூனிட் பேட்டரிதான். சீனாவின் சிஎல்டிசி சோதனை நகரப் போக்குவரத்தின் நிதான வேகத்துக்குச் சாதகமானது, ஐரோப்பாவின் டபிள்யூஎல்டிபி கொஞ்சம் நேர்மையானது. ஆகஸ்ட் மதியத்தில் அபுதாபி ரோட்டில் 120க்கு மேல் போனால் இரண்டு எண்ணும் உதவாது. 'அதிக ரேஞ்ச், குறைந்த விலை' என்று சைனா வண்டியை விற்கிறார்களே, அதில் முதல் பாதி வெறும் சோதனை முறை வித்தியாசம்.

வெயில் பயம் நியாயமானது, ஆனால் பெரிதுபடுத்தப்பட்டது. சீனாவிலும் துர்ஃபான் போல 45 டிகிரியைத் தொடும் இடங்கள் உண்டு, அங்கேயே கார்களைச் சோதிக்கிறார்கள். நல்ல நிறுவனங்களின் பேட்டரிக்குத் திரவக் குளிர்ச்சி இருக்கிறது. லித்தியம் அயர்ன் பாஸ்பேட் வகை பேட்டரி வெப்பத்தை ஓரளவு தாங்கும். ஏசியின் திறனும் தூசு வடிகட்டியும் வேண்டுமானால் வேறுபடலாம். நான் வெயிலைவிட அதிகம் பயப்படுவது திரையைப் பார்த்துத்தான்.

திரை சீன மொழியில் இருக்கிறது என்பது சின்ன விஷயம். போன் கேமராவை நீட்டினால் மொழிபெயர்த்துவிடும், வியாபாரியே ஆங்கில மென்பொருள் ஏற்றித் தருவதும் உண்டு. ஆனால் அந்தக் காரின் சிம் சீன நெட்வொர்க்குக்கானது, ஆப்பில் நுழைய சீன மொபைல் நம்பர் கேட்கும், வரைபடம் சீனாவுக்கானது. தூரத்திலிருந்து ஏசி போடுவது, சார்ஜ் எவ்வளவு என்று பார்ப்பது எல்லாம் போச்சு. இதையும் பொறுத்துக்கொள்ளலாம். பொறுக்க முடியாதது அப்டேட். பேட்டரி மேலாண்மையிலோ பிரேக்கிலோ கோளாறு கண்டுபிடித்து நிறுவனம் திருத்தம் அனுப்பினால், அது உங்கள் வண்டிக்கு வந்து சேருமா? ஆங்கிலம் வருவதற்காக மென்பொருளைக் கிளறிய வண்டியில் அதிகாரபூர்வ அப்டேட் ஏறினால் என்ன ஆகும்? யார்டில் நிற்கும் பையனிடம் கேட்டால் "நோ பிராப்ளம் பாய்" என்பான். அவனைக் குறை சொல்லி என்ன செய்ய, அவனுக்கும் தெரியாது.

பேட்டரி உத்தரவாதத்திலும் ஒரு மாயம் நடக்கிறது. பிஒய்டி சீனாவில் முதல் உரிமையாளருக்கு பேட்டரி செல்லுக்கு ஆயுள் முழுக்க உத்தரவாதம் தருகிறது. அந்தச் சீனத் தாளைக் காட்டி "லைஃப்டைம் வாரண்டி" என்று இங்கே விற்கிறார்கள். நீங்கள் முதல் உரிமையாளர் இல்லை, பூஜ்யக் கிலோமீட்டரில் காரைப் பதிவு செய்த அந்த சீன டீலர்தான் முதல் ஆள். கார் சீனாவிலும் இல்லை. வியாபாரி தன் பேரில் ஒரு வருடம், இரண்டு வருடம் வாரண்டி தருவதுண்டு. அது அந்தக் கடை இருக்கும்வரைதான். ஏஜென்சி வண்டியில் பேட்டரிக்கு எட்டு வருடம் என்பது பெரும்பாலும் வழக்கம், திறன் 70 சதவீதத்துக்குக் கீழே போனால் கவனிப்பார்கள்.

அப்புறம் இன்ஷூரன்ஸ். இங்கே காம்ப்ரிஹென்சிவ் பாலிசியில் 'ஏஜென்சி ரிப்பேர்' என்று ஒன்று உண்டு, இடித்துக்கொண்டால் ஷோரூம் கராஜிலேயே சரிசெய்வார்கள். இம்போர்ட் வண்டிக்கு அது கிடையாது. சில கம்பெனிகள் ஜிசிசி அல்லாத வண்டி என்றதும் தேர்ட் பார்ட்டி மட்டும்தான் தருவோம் என்பார்கள். காசு கொடுப்பதற்கு முன்பே சேஸிஸ் நம்பரைக் கொடுத்து ஒரு விலை வாங்கிவிடுங்கள். பேங்க் லோனும் அப்படித்தான். மத்திய வங்கி விதிப்படி யாராக இருந்தாலும் 20 சதவீதம் கைப்பணம், அதிகபட்சம் ஐந்து வருடம். இம்போர்ட்டுக்கு மேற்கொண்டு வங்கிகளே தயங்கும். ஆகவே சைனா வண்டி பெரும்பாலும் ரொக்கக்காரர்களின் வண்டி.

அமெரிக்காவிலிருந்து வரும் டெஸ்லா இன்னொரு கிளை. அதை ஒரு பத்தியில் முடித்துவிடலாம், ஏனென்றால் என் பதில் 'வேண்டாம்'. அமெரிக்க ஏலத்தில் இடிபட்டதையோ வெள்ளத்தில் மூழ்கியதையோ வாங்கி, ஷார்ஜா இண்டஸ்ட்ரியல் ஏரியாவில் தட்டி, பெயிண்ட் அடித்து விற்கிறார்கள். வெள்ளம் புகுந்த பெட்ரோல் காரை ஒரு திறமையான எலக்ட்ரீஷியன் காப்பாற்றிவிடலாம். பேட்டரிப் பெட்டிக்குள் தண்ணீர் போன காரில் யாருக்கும் வேலை இல்லை. 'சால்வேஜ்' (பெருஞ்சேதம் அடைந்தது) என்று முத்திரை விழுந்த வண்டிக்கு டெஸ்லா உத்தரவாதத்தையும் எடுத்துவிடும், தன் சூப்பர்சார்ஜர் வேக சார்ஜிங்கையும் அடைத்துவிடும். சார்ஜிங் வாயும் அமெரிக்க வாய். டெஸ்லா 2017 முதல் இங்கே நேரடியாகவே விற்கிறது, வேண்டுமானால் அங்கே போங்கள்.

சரி, விலை வித்தியாசம் எங்கே போகிறது? கற்பனைக்கு ஒரு கணக்கு: ஷோரூமில் 1,30,000, யார்டில் 1,00,000. கையில் 30,000 மிச்சம். நம்பகமான டிசி அடாப்டருக்குச் சில ஆயிரம். இன்ஷூரன்ஸில் வருடா வருடம் கொஞ்சம். ஒரே ஒரு சின்ன விபத்தில் பாகம் வரும்வரை ஒரு மாதம் வாடகைக் கார். இவ்வளவும் போனாலும் பாதிக்கு மேல் மிஞ்சும், அதை மறைக்க வேண்டியதில்லை. மொத்தத்தையும் விழுங்கக்கூடியது மறுவிற்பனை. வளைகுடாவில் நாம் யாரும் நிரந்தரம் இல்லை. வேலை போனாலோ, பிள்ளையின் காலேஜுக்காக ஊருக்குக் கிளம்பினாலோ ஒரு மாதத்துக்குள் வண்டியைத் தள்ளிவிட வேண்டும். அந்த அவசரத்தில் ஏஜென்சி வண்டிக்கு சர்வீஸ் ரெக்கார்டைக் காட்டி ஒரு விலை பேசலாம். சைனா வண்டியை வாங்க வருபவர் அடுத்த யார்டில் இன்னும் புதிய மாடல், இன்னும் குறைந்த விலையில் நிற்பதைக் காட்டுவார். சீனாவில் விலைப்போர் நடக்கும்வரை நேற்று வந்த வண்டியின் விலையை இன்று வருவது அடித்துக்கொண்டே இருக்கும்.

ஆகவே என் கணக்கில் சைனா வண்டி சிலருக்குத்தான் பொருந்தும். வில்லாவில் சொந்த சார்ஜர், ஊருக்குள் ஓட்டம், முழு ரொக்கம், வீட்டில் இன்னொரு கார், இதெல்லாம் உள்ளவர். வண்டி ஓய்ந்து போகும்வரை வைத்திருக்கப் போகிறவர். அவர்கூட இரட்டைப் பிறவி மாடலை எடுக்கட்டும், அநாதையை அல்ல. முன்பணம் கொடுக்குமுன் ஒரு காரியம் செய்யச் சொல்வேன். அந்த வண்டியையும் அதே அடாப்டரையும் பக்கத்து யுஏஇவி பொது டிசி சார்ஜருக்கு ஓட்டிப் போய், வியாபாரி முன்னிலையில் 20 சதவீதத்திலிருந்து 80 வரை ஏற்றிப் பாருங்கள். பிறகு ஸ்கேனர் வைத்திருக்கும் ஒரு வெளி கராஜில் செல்களின் மின்னழுத்தம் ஒரே அளவில் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். மறுத்தால் வேறு யார்டு பாருங்கள்.

ஒரே காரில் ஆபீஸ், ஸ்கூல், வார விடுமுறையில் அபுதாபி என்று ஓடும் ஃபிளாட் குடும்பத்துக்கு ஏஜென்சி வண்டிதான். அதற்குக் காசு பற்றாது என்றால் சைனாதான் வழி என்று ஏன் முடிவு கட்ட வேண்டும்? இரண்டு மூன்று வருடம் ஓடிய ஜிசிசி மின்சாரக் காரைப் பாருங்கள். இங்கே மின்சாரக் கார்களின் விலை வேகமாக இறங்குகிறது, முதல் உரிமையாளருக்கு அது எரிச்சல், நமக்கு லாபம். ஷோரூம் விலையிலிருந்து இறங்கி பல நேரம் யார்டு விலைக்குப் பக்கத்திலேயே வந்துவிடும். பேட்டரி உத்தரவாதத்தில் இன்னும் ஐந்து வருடம் இருக்கும், சிசிஎஸ் 2 வாய் இருக்கும், ஆப் வேலை செய்யும். உத்தரவாதம் அடுத்தவர் பெயருக்கு மாறுமா, சர்வீஸ் எல்லாம் ஏஜென்சியிலேயே செய்திருக்கிறார்களா என்று மட்டும் அவர்களுக்கே போன் போட்டு சேஸிஸ் நம்பரைச் சொல்லிக் கேட்டுவிடுங்கள்.